கோடைக்கானலுக்கு ஏறிய வழி

சித்திரை மாதத்து வெயிலில் மதுரை மாநகரத்து ஜனங்கள் ஊரை விட்டு ஓடுவதில்லை. சுற்றுப்பட்ட கிராமங்களெல்லாம் அப்போதுதான் மதுரைக்குப் புறப்பட்டு வருகின்றன. மீனாட்சியம்மையின் திருக்கல்யாணம் முடிந்து, தேர் நிலைக்கு வந்து, பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையில் இறங்குகிற வரையில், ஆற்று மணல் காலைச் சுடுவதையும் பொருட்படுத்தாமல், நீர்மோரும் பானகமும் பனையோலை விசிறியுமாக லட்சக்கணக்கானவர்கள் கரையிலேயே கிடப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டு, அவற்றுக்குக் கோடை விடுமுறை என்ற ஒன்றும் ஏற்பட்ட பிறகுகூட, பிள்ளைகள் போனது தாத்தா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும்தான். அங்கே கிணறும் மாந்தோப்பும் இருந்தால் அதைவிட வேறு சுகம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வெயிலுக்கு அஞ்சி, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் மலையேறி, அங்கே செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாமல் சில தினங்கள் இருந்துவிட்டு இறங்குகிற பழக்கம், நம்முடைய நடுத்தரக் குடும்பங்களுக்கு மிகச் சமீப காலத்தில் வந்து சேர்ந்தது. அது வந்த கதையைத் தெரிந்துகொள்ள, பழனிமலைத் தொடரின்மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிற கோடைக்கானலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம். உதகமண்டலத்துக்கு ஓர் அரசாங்கமே மலையேறி வந்தது. 1870 முதல் அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரமாக இருந்தபடியால், அதன் சரித்திரத்தில் உத்தியோக வாடை அதிகம். கோடைக்கானலுக்கு வந்தவர்களோ குடும்பஸ்தர்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த மலை வெறுமையாகக் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலான இடங்களில், சரித்திர காலத்துக்கு முற்பட்ட மனிதர்கள் பெரும் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. குளிரில் நடுங்குகிறதோ என்று இரங்கி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் இந்த மலைப் பிரதேசத்துத் தலைவன். கடையெழு வள்ளல்களில் அவன் ஒருவனுக்கு மட்டும் குளிரைக் கொண்டே கீர்த்தி ஏற்பட்டது, பிறந்த இடத்தின் விசேஷம் போலும். பளியரும் புலையரும் காட்டின் தேனையும் கிழங்கையும் அறிந்து வாழ்ந்தார்கள். சமவெளியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய குன்னுவ வேளாளர்கள், பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்தி வேளாண்மை செய்தார்கள். பூம்பாறைக் குழந்தை வேலப்பரின் ஆலயம் அந்தக் குடியிருப்புகளின் பழமைக்குச் சாட்சி. இவர்களுக்கெல்லாம் மலை வாசஸ்தலம் என்ற சொல்லே வேடிக்கையாக இருந்திருக்கும். வீடும் வயலும் சுடுகாடும் அங்கேயே இருக்கிறவனுக்கு அது ஊர்தானே.

1821-இல், நில அளவைத் துறையைச் சேர்ந்த லெப்டினன்ட் வார்டு என்பவர், தெற்குச் சரிவில் இருக்கிற வெள்ளகவி என்ற கிராமத்தின் வழியாக ஏறி வந்து மேற்பரப்பை அளந்து எழுதி வைத்துவிட்டுப் போனார். 1834-இல் மதுரையின் துணைக் கலெக்டர் ராட்டன் என்பவரும், சென்னை ரெவினியூ போர்டைச் சேர்ந்த காட்டன் என்பவரும் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களாவைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷங்கள் கழித்துத் தாவர சாஸ்திரியான டாக்டர் ராபர்ட் வைட் வந்து செடி கொடிகளைச் சேகரித்தார். ஆயினும் இந்த மூன்று பிரயாணங்களாலும் ஊர் உண்டாகவில்லை. ஊரை உண்டாக்கியது காய்ச்சலும் வாந்திபேதியும்.

யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் 1816 முதல் நிலைபெற்றிருந்த அமெரிக்க மிஷன், கடல் கடந்து 1834-இல் மதுரையில் ஒரு கிளையை ஆரம்பித்தது. நியூ இங்கிலாந்தின் பனியில் பிறந்து வளர்ந்த அந்தப் பாதிரிமார்களும் அவர்களுடைய மனைவிமார்களும், மதுரையின் வெயிலுக்கும் நீருக்கும் ஈடுகொடுக்க முடியாமல் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டுகிற வேகத்துக்குச் சமமாகக் கல்லறைகளும் கட்டப்பட்டு வந்தன. நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-இல்தான். எனவே நல்ல காற்றைத் தேடி அவர்கள் முதலில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். சிறுமலை உயரத்தில் குறைந்தது. காய்ச்சல் அங்கேயும் கூடவே வந்தது. அதன் பிறகே பழனிமலையின் மேல்தளத்துக்கு ஏறி, 1845-இல் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று பெயரிட்ட இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். காரணம் தவறு, வைத்தியம் மட்டும் சரியாக அமைந்துவிட்டது. அந்த உயரத்துக் குளிரில் கொசு பெருகவில்லை. உல்லாசத்துக்காக உண்டானது என்று நாம் நினைக்கிற ஊருக்கு, உயிரோடு இருப்பதற்காகப் போடப்பட்ட அஸ்திவாரம் அது.

மிஷனரிகளின் சில வீடுகளை ஒரு நகரமாக மாற்றிய பெருமை சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டரைச் சேரும். ஓடைகள் கூடுகிற ஒரு சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே 1863-இல் கரை போட்டு, இப்போது எல்லோரும் படகு விடுகிற ஏரியை உண்டாக்கியவர் அவரே. அதில் தம் சொந்தப் பணத்தையும் செலவழித்தார் என்பதும், முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பதும் ஊரில் வழங்கி வருகிற சமாசாரம். சுமார் 60 ஏக்கர் பரப்பில், பல முனைகளாகப் பிரிந்து கிடக்கிற அந்த ஏரியைப் பார்க்கிறவர்கள், அதை இயற்கையின் படைப்பு என்றே நம்பிவிடுகிறார்கள். கீழேயிருந்து வரும்போது சாலையோரத்தில் முதலில் எதிர்ப்படுகிற வெள்ளி அருவியும் அந்த ஏரியின் உபரி நீர்தான். ஆகவே, பேருந்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு குடும்பமும், அறியாமலே ஒரு கலெக்டரின் கைவேலைக்கு முன்னால்தான் நிற்கிறது. உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகு லெவிஞ்ச் சீமைக்குத் திரும்பிவிடாமல் கோடைக்கானலிலேயே குடியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலையின் விளிம்பையொட்டி ஒரு நடைபாதை போட்டார். அதிலிருந்து மேகம் விலகுகிற வேளையில் பெரியகுளத்துச் சமவெளி முழுவதும் தெரியும்.

அந்தச் சமவெளியிலிருந்து மேலே வந்து சேர்வதுதான் பெரும்பாடு. இந்த ஊரின் சரித்திரத்தை அதன் பங்களாக்களில் தேடுவதைவிட, அதற்கு ஏறிய பாதைகளில் தேடுவதே உசிதம் என்று எனக்குப் படுகிறது. யார் வந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள், யாருடைய உழைப்பால் இருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பாதையில் இருக்கிறது.

1875-இல் ரயில் மதுரைப் பக்கம் வந்தது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில், அம்மையநாயக்கனூரில் உள்ள ஸ்டேஷனுக்குக் 'கோடைக்கானல் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். பெயரை நம்பி இறங்கிய புதியவருக்கு, ஊர் இன்னும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது என்பது இறங்கிய பிறகே தெரியும். அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தையை விரித்து, துரைசானியும் குழந்தைகளும் படுத்துக்கொள்ள, வெயில் தாழ்ந்து புறப்படுகிற வண்டி, வழியில் மாடு மாற்றி மாற்றி, வத்தலக்குண்டையும் பெரியகுளத்தையும் கடந்து, ஏறக்குறைய முப்பது மைலுக்கு மேல் இரவெல்லாம் ஊர்ந்து, விடியற்காலையில் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பைப் போய்ச் சேரும். ராஜமய்யரும் சுப்பிரமணிய சிவாவும் பி. எஸ். ராமையாவும் பிறந்த வத்தலக்குண்டு, அந்தப் பிரயாணிகளுக்கு அரைத் தூக்கத்தில் கடந்துபோன ஒரு சாவடி மட்டுமே.

தோப்பில் வண்டிப் பாதை முடிந்துவிடும். அதற்கு மேலே சுமார் பன்னிரண்டு மைல், குதிரையும் மனிதனும் மட்டும் ஏறக்கூடிய ஒற்றையடி வழி. ஆண்கள் மட்டக் குதிரையில் ஏறிக்கொள்வார்கள். குதிரை ஏறத் தெரியாதவர்களையும் பெண்களையும் நோயாளிகளையும் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டும். பிரம்பு நாற்காலியின் இரு புறமும் நீண்ட மூங்கில்களைக் கட்டி, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நான்கு பேர் தூக்க, தோள் மாற்றுவதற்கு இன்னும் நான்கு பேர் கூடவே நடப்பார்கள். வளைவுகளில் முன்னால் போகிறவன் பள்ளத்தையும் கல்லையும் குரல் கொடுத்துச் சொல்ல, பின்னால் வருகிறவன் கால் வைக்கிற இடம் தெரியாமல் அந்தக் குரலை மாத்திரம் நம்பி ஏறுவான். நாற்காலியில் இருக்கிறவருக்கு வேர்வை அடங்கிக் குளிர் தொடங்குகிற இடத்தில், தூக்குகிறவனுக்கு வேர்வை ஊற்றெடுக்கும். கோடை முழுவதும் மேலே தங்கப்போகிற குடும்பத்துக்கு வேண்டிய துணிமணி, பாத்திரம், அரிசி, மாவு, புத்தகம், மருந்து அத்தனையும் தலைச்சுமையாகப் பின்னால் வரும். பியானோவைக்கூட இப்படித்தான் மேலே ஏற்றினார்கள் என்றால், பல ஜோடித் தோள்கள் அதற்குக் கீழே நசுங்கியிருக்க வேண்டும். அடிவாரத்துக் கிராமங்களைச் சேர்ந்த அந்த மனிதர்கள் சாமானை இறக்கி வைத்துவிட்டு, கூலியை முடிந்துகொண்டு, கம்பளி இல்லாத தேகத்தோடு குளிருக்குள் நிற்க முடியாமல் அன்றைக்கே கீழே திரும்புவார்கள். கோடைக்கானலுக்கு ஏறிய தமிழர்களில் பெரும்பான்மையோர் அக்காலத்தில் இப்படி வந்து போனவர்களே. பாதிரிமாரின் குறிப்புகளிலும் கடிதங்களிலும் குதிரைகளுக்குப் பெயர் உண்டு. இவர்களுக்குக் 'கூலி' என்ற பொதுப்பெயர் ஒன்றே.

இவ்வளவு சிரமப்பட்டு ஏறியவர்கள் வாரக் கடைசியில் இறங்கிவிட முடியுமா? ஏப்ரல் பிறந்ததும் ஏறி, ஜூன் மழை தொடங்கிய பிறகே இறங்குவது வழக்கமாயிற்று. சம்பாதிக்கிற ஆண்பிள்ளைகள் கீழே வெயிலில் வேலை பார்க்க, பெண்டு பிள்ளைகள் மேலே குடித்தனம் நடத்துவார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் வீடு மட்டும் போதாது; ஆலயம் வேண்டும், வைத்தியர் வேண்டும், பால் வேண்டும், காய்கறித் தோட்டம் வேண்டும். செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் குருமார்களுக்கான கல்லூரியை நிறுவினார்கள். ஏரியில் படகுச் சங்கம் 1890-இல் தோன்றியது. 1899-இல் நகராட்சி ஏற்பட்டது. மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-இல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. அந்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ஊர்க்குடிகள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் கணக்கு எடுத்தது குளிர் காலத்தில், வீடுகள் பூட்டிக் கிடக்கிற பருவத்தில். பூட்டிய வீடுகளைக் காவல் காத்தவர்களும், தோட்டத்தில் பேரிக்காய்க்கும் முட்டைக்கோசுக்கும் பாத்தி கட்டியவர்களும்தான் அந்தக் கணக்கில் வருகிறார்கள். துரைமாரோடு கூட வந்த சமையற்காரர்களும் ஆயாக்களும் குதிரைக்காரர்களும் நம்மவர்கள். மே மாதத்தில் மலைமேல் இருந்த முதல் தமிழ்க் குடும்பங்கள் இவர்களுடையவை. அவர்களுக்கு அது விடுமுறையாக இருக்கவில்லை.

இடையிலே ஒரு செய்தி. 1876-க்கும் 1878-க்கும் நடுவே சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றுகிற மாறுதல்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்ற யோசனை எழுந்தது. மேகத்துக்கும் தூசிக்கும் மேலே ஓர் இடம் தேடி, கடைசியில் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்து, 1899-இல் வானாராய்ச்சி நிலையத்தைச் சென்னையிலிருந்து அங்கே மாற்றினார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். மழையைப் பற்றிய கேள்விக்கு விடை அப்படியே நின்றுவிட்டது. சூரியனைப் பற்றி மட்டும் உலகம் நிறையத் தெரிந்துகொண்டது.

மோட்டார் சாலை வந்தவுடன் எல்லாம் புரண்டது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து ஏறுகிற மலைச்சாலைக்கு 1870-களிலேயே திட்டம் போட்டு ஆரம்பித்தவர் மேஜர் லா. பணமில்லாமலும் மனமில்லாமலும் கிடந்து கிடந்து, முதல் உலக யுத்தக் காலத்தை ஒட்டித்தான் வண்டிகள் ஓடத்தக்கதாக முடிந்தது. இன்றைக்கும் அது 'லாஸ் காட்' என்றே வழங்குகிறது. ஓர் இரவும் ஒரு பகலும் பிடித்த பிரயாணம் சில மணி நேரமாகக் குறைந்தது. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வழி புல் மண்டிற்று. நாற்காலி தூக்கியவர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று. வார்டு ஏறி வந்த வெள்ளகவியின் கதி விசித்திரமானது. மேலே நகரம் வளர்ந்து, மின்சாரம் வந்து, மாடிக் கட்டடங்கள் எழுந்த பிறகும், அந்தக் கிராமத்துக்கு மோட்டார் சாலை இல்லாமலே பல காலம் கழிந்தது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அவ்வூரார் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுதான் மலையேறினார்கள். துரைசானிகளுக்காகத் தூக்கிய தோளுக்கு அந்தப் பாரம் புதிதன்று.

சாலை வந்த பிறகு நம் நாட்டுச் செல்வர்கள் வந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பம் முதலிய சமஸ்தானத்தார், ஜமீன்தார்கள், செட்டிநாட்டு நகரத்தார், மே மாதத்தில் கோர்ட்டு மூடியிருக்கிற வக்கீல்கள் என்று ஒவ்வொரு வகுப்பாராக ஏறினார்கள். வெள்ளைக்காரர்களைப் பின்பற்றி வந்தார்கள் என்று இவர்களைச் சிலர் பரிகசிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, குளிர்ந்த காற்றுக்கு ஜாதி மதம் ஏது? ஆனாலும், பங்களா வாழ்க்கை நம்முடைய சுபாவத்துக்கு முழுவதும் ஒத்துவரவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனுடைய மனைவியார், ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார், 1936-இல் இங்கே குறிஞ்சி ஆண்டவருக்கு ஒரு கோயில் எடுப்பித்தார். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற மலையில், அந்தப் பூவின் பெயரால் முருகன் எழுந்தருளிய பிறகே, வடக்கே பழனியைப் பார்த்து நின்று கும்பிட்டுவிட்டு, 'மலைக்குப் போய்ச் சாமி பார்த்து வந்தோம்' என்று சொல்லிக்கொள்ள நம்மவர்களுக்கு வழி பிறந்தது. சும்மா இருப்பதற்காகப் பணம் செலவழித்தோம் என்று சொல்ல நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்போதும் நா எழாது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வீடுகளை விற்றுவிட்டுப் போக, பங்களாக்கள் விடுதிகளாயின. அரசாங்க உத்தியோகஸ்தரும் பள்ளிக்கூட வாத்தியாரும் மில் குமாஸ்தாவும் வரத் தொடங்கினார்கள். இவர்கள் வந்தது பேருந்தில். தங்கியது இரண்டு அல்லது மூன்று ராத்திரி. முதல் நாள் இரவே கிளறி, வாழை இலையில் கட்டி எடுத்துவந்த புளியோதரையும் தயிர் சாதமும் மூன்று வேளைக்கு வரும். பெருமாள்மலைக்கு முன்னால் எந்த வளைவில் பெரிய அத்தைக்குக் குமட்டும் என்பது தெரிந்திருப்பதால், எலுமிச்சம்பழம் ஒன்று கையிலேயே இருக்கும். பீரோவின் அடித்தட்டில் ரசகற்பூர வாசனையோடு கிடந்த ஸ்வெட்டர், பனிக்காகக் காதை மூடிக் கட்டுகிற மஃப்ளர், குழந்தைக்குக் குல்லாய். விடுதி அறையில் ஆறு பேருக்கு இரண்டு கட்டில். மீதிப் பேர் தரையில். மறுநாள் ஏரியில் படகு, கரையில் மட்டக் குதிரைச் சவாரி, பிரையன்ட் பூங்காவில் பூக்கண்காட்சி, கோக்கர் நடையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு படம். இறங்கும்போது பேரிக்காயும் பிளம்ஸும் மலைப்பூண்டும் யூக்கலிப்டஸ் தைலமும். துரைமார் இரண்டு மாதத்தில் அனுபவித்ததை இரண்டு நாளுக்குள் அடக்கிவிடுகிற இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு நான் வியந்ததுண்டு. ஓய்வு என்று இதற்குப் பெயர் சொல்ல முடியாது, திரும்பி வந்த அம்மாவுக்கு இரண்டு நாள் இடுப்பு வலி; ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் வேறு வேலையில்லாமல் ஒரே அறையில் ஒன்றாக இருந்த தினங்கள் அவைதான். எல்லோரும் விரும்பி வந்தவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. காஷ்மீரத்துத் தலைவர் ஷேக் அப்துல்லாவை 1965 முதல் 1967 வரை அரசாங்கம் காவலில் வைத்திருந்தது இந்த ஊரில்தான்.

சினிமா வேறு சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரர்கள் பிசாசின் அடுக்களை என்று அழைத்த பாறைப் பிளவுகள், 1991-இல் 'குணா' படம் வெளிவந்த பிறகு குணா குகை ஆயின. பலர் உள்ளே விழுந்து மாண்டும் கூட்டம் ஓயவில்லை, 2024-இல் வெளிவந்த மலையாளப் படம் அதை மேலும் பெருக்கிற்று. சொந்தக் கார்கள் பெருகியபின் மூன்று நாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் ஒரு பகலாயிற்று. காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, ஏரியை ஒரு சுற்று சுற்றி, ராத்திரிக்கு வீட்டில் படுக்கிறவர்கள் இப்போது அநேகர். வளைவுக்கு வளைவு நிற்கிற வண்டிகளின் வரிசையைப் பார்த்தால், மேஜர் லா தம் சாலையை இன்னும் பத்து வருஷம் தாமதித்திருக்கலாமே என்று ஊர்க்காரர்கள் நினைத்தாலும் ஆச்சரியமில்லை. மலை தாங்கக்கூடிய அளவு எவ்வளவு என்று கணக்கிடுவதற்காக, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வாகனத்தில் வருகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்குவது என்று அதில் கேட்கிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து அரசாங்கப் பேருந்தில் ஏறி வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.